மார்க்கா பள்ளத்தாக்கு ட்ரெக்: கைடுக்கு எதற்குப் பணம் கொடுக்கிறோம்?

வெள்ளிக்கிழமை ராத்திரி சென்னையிலிருந்து டெல்லி. சனிக்கிழமை விடியற்காலை ஃபிளைட்டில் லே. ஞாயிறு ஊர் சுற்றல். திங்கள் ட்ரெக் ஆரம்பம். வெள்ளி 5,200 மீட்டர் கணவாயைத் தாண்டி இறக்கம். சனிக்கிழமை ரிட்டர்ன் ஃபிளைட். அடுத்த திங்கள் காலை ஆபீஸ் மீட்டிங். ஐந்து நாள் லீவு, இரண்டு வார இறுதி, மேட்டர் ஓவர். எக்செல் ஷீட்டில் போட்டுப் பார்த்தால் இந்த பிளானில் ஒரு ஓட்டைகூடத் தெரியாது.

இதையே லடாக்கில் பல சீசன் பார்த்த ஒரு கைடிடம் காட்டினால், அவர் உங்களிடம் எத்தனை கிலோமீட்டர் நடப்பீர்கள் என்று கேட்க மாட்டார். ஜிம் போவீர்களா, மாரத்தான் ஓடியிருக்கிறீர்களா என்றும் கேட்க மாட்டார். அவருடைய முதல் கேள்வி, “லேயில் எத்தனை ராத்திரி தங்குறீங்க?” என்பதாகத்தான் இருக்கும்.

லடாக்கின் பிரபலமான பல நாள் ட்ரெக்குகளில் ஒன்று மார்க்கா பள்ளத்தாக்கு. ‘ஈஸி டு மாடரேட்’ என்று பேக்கேஜ் விளம்பரங்களில் போட்டிருப்பார்கள். பாதையைப் பொறுத்தவரை அது பொய் இல்லை. கயிறு கட்டி ஏற வேண்டியதில்லை, பனிப்பாறை கடக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த ‘ஈஸி’க்குள் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது.

எங்கே இருக்கிறது இந்தப் பள்ளத்தாக்கு?

லே நகரத்துக்குத் தெற்கே, ஸ்டோக் மலைத்தொடருக்குப் பின்னால். சிந்து நதியில் கலக்கும் ஜான்ஸ்கார் ஆற்றின் கிளை நதிதான் மார்க்கா. அந்த நதியை ஒட்டியே ஊர்கள், அதை ஒட்டியே பாதை. சுமார் 4,400 சதுர கிலோமீட்டர் பரப்பளவுள்ள ஹெமிஸ் தேசியப் பூங்காவுக்குள் வருகிறது. 1981-ல் தொடங்கப்பட்ட இந்தப் பூங்காதான் நாட்டிலேயே பெரிய தேசியப் பூங்கா. காடு என்றதும் முதுமலையை நினைத்துவிடாதீர்கள். இங்கே ஆற்றோரத்தில் கொஞ்சம் வில்லோ, பாப்லர் மரங்கள், முள் புதர்கள். மற்றதெல்லாம் மண் நிறத்திலும் ஊதா நிறத்திலும் மொட்டைப் பாறை. லேயில் ஆண்டுக்குப் பெய்யும் மொத்த மழையே 100 மில்லிமீட்டர் அளவுதான். சென்னையில் ஒரு நல்ல நவம்பர் இரவில் அவ்வளவு கொட்டிவிடும்.

வழக்கமான பாதை சில்லிங்கில் தொடங்கும். செம்பு, பித்தளை வேலைக்குப் பேர்போன சின்ன ஊர். 17-ம் நூற்றாண்டில் ஷே அரண்மனையில் புத்தர் சிலை செய்ய நேபாளத்திலிருந்து வரவழைக்கப்பட்ட கைவினைஞர்களின் வழிவந்தவர்கள் இவர்கள் என்பது ஊர்வழக்கு. முன்பெல்லாம் இங்கே ஜான்ஸ்கார் ஆற்றைக் கடக்க, கம்பியில் தொங்கும் பெட்டியில் உட்கார்ந்து இழுத்துக்கொண்டு போக வேண்டும். இப்போது பாலம் வந்துவிட்டது.

அங்கிருந்து ஸ்கியூ, மார்க்கா, ஹாங்கர் என்று ஒவ்வொரு ஊராக மேலே போகும். ஹாங்கருக்கு மேல் நிரந்தர ஊர் கிடையாது. தாச்சுங்ட்சே என்ற முகாமிடம், அதற்கு மேலே நிமாலிங் என்ற மேய்ச்சல் வெளி. கோடையில் ஊர்க்காரர்கள் ஆடு, யாக் ஓட்டிக்கொண்டு இங்கே வந்து தங்குவார்கள். தலைக்கு மேல் 6,400 மீட்டர் காங் யாட்சே சிகரம் வெள்ளையாக நிற்கும். மறுநாள் கோங்மாரு லா. ‘லா’ என்றால் லடாக்கி மொழியில் கணவாய். அதைத் தாண்டி ஒரு குறுகலான மலையிடுக்கு வழியாக இறங்கினால் சோக்தோ, ஷாங் சும்தோ, பிறகு வண்டிச்சாலை.

உயரம் உடம்பை என்ன செய்கிறது?

முதலில் ஒரு அளவுகோல். நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர். தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695 மீட்டர். லே நகரம் சுமார் 3,500 மீட்டர். அதாவது, நீங்கள் ஃபிளைட்டில் இறங்கி, ஹோட்டலில் செக்-இன் செய்து, கட்டிலில் உட்காரும் இடமே தென்னிந்தியாவின் எந்தச் சிகரத்தையும்விட 800 மீட்டர் மேலே. அதனால்தான், “கொடைக்கானல் ட்ரெக்கெல்லாம் நிறைய பண்ணிருக்கேன்” என்பது கால் பலத்துக்குச் சான்றே தவிர, உயரத்துக்கு இல்லை.

மலையில் ஆக்ஸிஜன் குறைவு என்று சொல்வோம். உண்மையில் காற்றில் ஆக்ஸிஜனின் பங்கு அங்கேயும் அதே 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். லேயில் அது கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு. கோங்மாரு லாவில் பாதியைவிடக் கொஞ்சம் அதிகம். அழுத்தம் குறைந்தால், ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலுக்குள் போகும் ஆக்ஸிஜன் அந்த அளவுக்குக் குறையும்.

உடம்பு சும்மா இருக்குமா? வேகமாக மூச்சு வாங்கச் சொல்கிறது. வேகமாக மூச்சுவிட்டால் கார்பன் டை ஆக்ஸைடு அதிகமாக வெளியே போய், ரத்தம் காரத்தன்மை பக்கம் சாய்கிறது. உடனே மூளை, “போதும், மூச்சைக் குறை” என்று பிரேக் போடுகிறது. ஆக்ஸிஜன் வேண்டும் என்று ஒரு பக்கம் ஆக்ஸிலரேட்டர், காரம் ஏறுகிறது என்று இன்னொரு பக்கம் பிரேக். முதல் இரவுகளில் தூக்கத்தில் மூச்சு கொஞ்ச நேரம் வேகமாக ஓடி, சில விநாடி நின்று, திடுக்கென்று விழிக்க வைப்பது இந்த இழுபறியால்தான். பக்கத்துப் படுக்கையில் இருப்பவர் பயந்துவிடுவார். பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை.

இந்த இழுபறியைத் தீர்த்துவைப்பது சிறுநீரகம். அதிகப்படியான பைகார்பனேட்டைச் சிறுநீரில் வெளியேற்றி, பிரேக்கைத் தளர்த்தும். அதற்குச் சில நாட்கள் பிடிக்கும். ‘அக்ளிமடைசேஷன்’ என்று பேக்கேஜில் ஒரு நாள் போட்டிருப்பார்களே, “சும்மா ஹோட்டல்ல படுத்திருக்கவா அவ்வளவு தூரம் போறோம்?” என்று நாம் வெட்டப் பார்க்கும் நாள், சிறுநீரகம் இந்த வேலையைச் செய்யும் நாள். மலை உச்சிக்காரர்கள் சாப்பிடும் அசிட்டஸோலமைடு மாத்திரையும் இதே வேலையைத்தான் வேகப்படுத்துகிறது. விரல் நுனியில் ஊசி குத்துவது போலிருக்கும், சோடா குடித்தால் சப்பென்று இருக்கும் என்பவை அதன் வேடிக்கையான பக்கவிளைவுகள். சல்ஃபா மருந்து அலர்ஜி உள்ளவர்கள், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் எல்லாம் இருப்பதால், டாக்டரிடம் கேட்காமல் வாட்ஸ்அப் குரூப்பில் வந்த டோஸைப் பின்பற்ற வேண்டாம்.

உடம்புக்கு இந்த அவகாசம் கிடைக்காவிட்டால் வருவதுதான் மலை நோய். மேலே போய்ச் சேர்ந்து 6 முதல் 12 மணி நேரத்தில் தலைவலி, குமட்டல், பசியின்மை, சோர்வு. அதாவது, ஹேங்ஓவர் மாதிரி. இது ஓய்வெடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இந்த நிலையில் இன்னும் மேலே ஏறினால்தான் வினை. மூளை வீங்கினால் நடை தள்ளாடும், பேச்சு குழறும், நிதானம் தவறும். நுரையீரலில் நீர் கோத்தால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், இருமல் விடாது, உதடு நீலம் பாயும். இரண்டும் மணிக்கணக்கில் உயிரைப் பறிக்கக்கூடியவை. ஆக்ஸிஜனும் மருந்தும் நேரம் வாங்கிக் கொடுக்கும். வைத்தியம் என்பது கீழே இறங்குவது மட்டும்தான்.

இன்னொன்று, ஃபிட்னஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சிக்ஸ் பேக் வைத்திருப்பவருக்கு வரும், அவருடைய அம்மாவுக்கு வராமலும் போகும். சொல்லப்போனால், ஃபிட்டாக இருப்பவர்கள் முதல் நாளே வேகமாக ஏறிப் போய், தாங்களே அதை வரவழைத்துக்கொள்வதும் உண்டு.

உலகத்துக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததில் இந்திய ராணுவத்துக்கும் பங்குண்டு

இது பலருக்குத் தெரியாத கதை. 1960 வரை மலையில் நுரையீரலில் நீர் கோத்து இறந்தவர்கள் பெரும்பாலும் நிமோனியாவிலோ இதயக் கோளாறிலோ இறந்ததாகவே எண்ணப்பட்டார்கள். அந்த ஆண்டுதான் அமெரிக்க மருத்துவர் சார்ல்ஸ் ஹூஸ்டன், ஆரோக்கியமான இதயம் உள்ளவர்களுக்கும் உயரம் மட்டுமே காரணமாக இது வரும் என்று ஒரு கட்டுரை எழுதினார். இரண்டே ஆண்டுகளில், 1962 சீனப் போரில், சமவெளியில் இருந்த ஆயிரக்கணக்கான இந்திய வீரர்கள் நேரடியாக இமயமலை முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். படிப்படியாக ஏற்ற நேரம் இல்லை. இளைஞர்கள், நல்ல உடல் தகுதியுள்ளவர்கள், குண்டடி படாமலேயே சுருண்டு விழுந்தார்கள்.

அப்படி 3,350 முதல் 5,500 மீட்டர் வரையிலான உயரங்களுக்குப் போன 1,925 வீரர்களை ஆராய்ந்து, இந்தர் சிங்கும் அவருடன் பணியாற்றிய ராணுவ மருத்துவர்களும் 1969-ல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் எழுதிய கட்டுரை, மலை நோய் குறித்த மருத்துவத்தில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. இன்று ராணுவத்தில் உயரமான பகுதிக்குப் போகும் வீரருக்குக் கட்டாயமாகக் கட்டம் கட்டமாக உடம்பைப் பழக்கும் நாட்கள் உண்டு. உத்தரவு போட்டு நிறுத்திவைக்கிறார்கள். டூரிஸ்டுக்கு அந்த உத்தரவு போட யாரும் இல்லை.

சிக்கல் எங்கே?

மலை மருத்துவர்கள் சொல்லும் பொதுவான விதி ஒன்று உண்டு. 3,000 மீட்டருக்கு மேல் போய்விட்டால், ஒரு இரவு தூங்கும் இடத்துக்கும் அடுத்த இரவு தூங்கும் இடத்துக்கும் 500 மீட்டருக்கு மேல் வித்தியாசம் கூடாது. மூன்று, நான்கு நாளுக்கு ஒரு முறை ஒரே உயரத்தில் இன்னொரு இரவு. பகலில் எவ்வளவு ஏறினாலும் பரவாயில்லை, தூங்கும் உயரம்தான் கணக்கு.

இதை மார்க்கா பாதையின் மேல் வைத்துப் பார்ப்போம். எல்லாம் தோராயமான அளவுகள். சென்னை 0, லே 3,500. முதல் அடியே விதிமீறல். ஃபிளைட்டில் போனால் தவிர்க்க முடியாது, அதனால்தான் லேயில் குறைந்தது மூன்று இரவு என்பது. அதன் பிறகு ஸ்கியூ 3,400, மார்க்கா 3,750, ஹாங்கர் 4,000. அற்புதமான ஏணி. ஒரு நாளைக்கு முந்நூறு மீட்டர்கூட ஏறுவது தெரியாது. ஆற்றோரமாக நடப்பது, பழைய ராணுவ பாராசூட் துணியில் போட்ட டென்ட்டில் ஊர்ப் பெண்கள் நடத்தும் டீக்கடையில் உட்கார்வது, படம் எடுப்பது. “இதுக்குப் போயா இவ்ளோ பில்டப்?” என்று குரூப்பில் ஒருவராவது சொல்லியிருப்பார்.

நான்காம் நாள் ஹாங்கரிலிருந்து நிமாலிங். 4,000-லிருந்து 4,800. ஒரே பகலில் 800 மீட்டர் ஏறி, அங்கேயே தூக்கம். ஏணியின் கடைசிப் படி மட்டும் இரண்டு மடங்கு உயரம். நடுவே 4,200 மீட்டரில் உள்ள தாச்சுங்ட்சேயில் ஒரு இரவு தங்கினால் தாவல் 600-ஆகக் குறையும். அப்போதும் விதியை மீறித்தான் ஆகிறது, ஆனால் வித்தியாசம் பெரியது. ஐந்து நாள் லீவுக்குள் அடக்கிய பேக்கேஜ்களில் முதலில் காணாமல் போவது இந்த இரவுதான்.

அதைவிட முக்கியம், நிமாலிங் இருக்கும் இடம். அங்கே ராத்திரி ஒரு மணிக்கு ஒருவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தால், சீக்கிரம் சாலையைப் பிடிக்கும் வழி முன்பக்கம், 5,200 மீட்டர் கணவாயைத் தாண்டி. அதாவது, கீழே இறங்க வேண்டியவரை இன்னும் 400 மீட்டர் மேலே ஏற்ற வேண்டும். வேண்டாம் என்றால், வந்த வழியே திரும்பி, இருட்டில், குதிரை முதுகில் ஹாங்கர் வரை. இறங்குவதுதான் மருந்து என்னும்போது, அந்த மருந்து பல மணி நேரத் தொலைவில் இருக்கிறது. ஹெலிகாப்டர் உண்டா? உண்டு. வானிலையும், பகல் வெளிச்சமும், தகவல் போய்ச்சேருவதும் ஒத்துழைத்தால்.

எனவே இந்த ட்ரெக்கின் பெரிய முடிவு கணவாயின் மேல் எடுக்கப்படுவதில்லை. ஹாங்கரில், நான்காம் நாள் காலை, டீ குடிக்கும்போது எடுக்கப்படுகிறது. யார் மேலே போகலாம், யார் இன்னொரு நாள் இங்கே இருக்க வேண்டும், யார் திரும்ப வேண்டும்? கைடுக்கு நாம் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு இந்த ஒரு காலைக்குத்தான். வழி காட்டுவதற்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். வழி என்ன, ஆற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தால் பாதிக்கு மேல் நாமே போய்விடலாம்.

நல்ல கைடு என்ன செய்வார்?

பார்க்க ஒன்றும் செய்யாத மாதிரி இருக்கும். நம்மை வேகமாக நடக்க விடமாட்டார். ராத்திரி சாப்பாட்டில் யார் தட்டில் மிச்சம் வைக்கிறார்கள் என்று கவனிப்பார். காலையில் “தூங்கினீங்களா, தலை எப்படி இருக்கு, சாப்பிட முடியுதா?” என்று ஒரே கேள்விகளைத் தினமும் கேட்பார். சந்தேகம் வந்தால், ஒரு காலின் குதிகாலை மற்ற காலின் கட்டைவிரலில் ஒட்டிவைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்வார். போலீஸ் குடிகாரரை நடக்கச் சொல்கிற மாதிரி. தள்ளாடினால் மூளை வீக்கமாக இருக்கலாம், உடனே இறக்க வேண்டும். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் இப்போது எல்லாரிடமும் இருக்கிறது. ஆனால் குளிரில் விரல் சில்லிட்டிருந்தால் அது என்னத்தையாவது காட்டும். அதில் எண் நன்றாக வந்ததை வைத்து, வாந்தி எடுப்பவரை மேலே கூட்டிப் போகிறவர் நல்ல கைடு இல்லை.

ஆற்றைக் கடப்பதும் அவர் நேரம் பார்த்துச் செய்யும் வேலை. மார்க்கா நதிக்கு மேலே பனிப்பாறை உருகும் நீர் வருகிறது. காலையில் முழங்காலுக்குக் கீழ் ஓடும் தண்ணீர், வெயில் ஏற ஏறப் பெருகி, மதியத்துக்குப் பிறகு இடுப்பைத் தொடலாம். சில இடங்களில் பாலம் உண்டு, வெள்ளத்தில் பாலம் போய்விடுவதும் உண்டு. காலை ஆறு மணிக்கு எழுப்பினால் திட்டாதீர்கள்.

மழை குறைவான ஊர் என்பதால் மேகவெடிப்பு வராது என்றில்லை. 2010 ஆகஸ்டில் லேயில் ஒரே இரவில் வந்த வெள்ளத்தில் 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். செடிகொடி இல்லாத மலை, பெய்ததெல்லாம் சேறாகக் கீழே வரும். ஓடை முகத்துவாரத்தில் டென்ட் அடிக்க வேண்டாம் என்று கைடு சொல்வதற்குப் பின்னால் இந்த அனுபவம் இருக்கிறது.

கைடு இருந்தாலே போதுமா என்றால், இல்லை. 2024 ஜூனில் உத்தராகண்டின் சஹஸ்திர தால் பாதையில், கர்நாடகாவிலிருந்து உள்ளூர் வழிகாட்டிகளோடு போன குழு, ஏரியைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் பனிப்புயலில் சிக்கி 9 பேர் இறந்தார்கள். குழுவில் பலரும் அனுபவமுள்ளவர்கள். மலையில் வழிகாட்டியின் பேச்சு எடுபட வேண்டும் என்றால், “இன்றைக்கு வேண்டாம்” என்று அவர் சொல்லும்போது வருமானம் போகாது என்ற உறுதி அவருக்கு இருக்க வேண்டும், கோபப்படாத குழுவும் இருக்க வேண்டும். சீசனில் சில மாதமே சம்பாதிக்க முடிகிற ஒருவரிடம், “அவ்ளோ பணம் கட்டிட்டு வந்திருக்கோம் ஜி” என்று பத்துப் பேர் சுற்றி நின்று சொல்வது அழுத்தம் இல்லாமல் வேறென்ன?

தலைவலியை மறைப்பதும் நம் பக்கத்துத் தப்புதான். சொன்னால் நிறுத்திவிடுவார்கள் என்று பாரசிட்டமால் போட்டுக்கொண்டு சிரிப்பவர்கள் ஒவ்வொரு குரூப்பிலும் உண்டு. ஆபீஸில் காய்ச்சலோடு வேலை பார்த்துப் பழகிய பழக்கம்.

சிறுத்தைக்கும் ஹோம்ஸ்டேவுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. மார்க்கா பாதையின் கீழ்ப்பகுதியில் பெரும்பாலும் டென்ட் தேவையில்லை, ஊர் வீடுகளிலேயே தங்கலாம். இது தானாக வந்த ஏற்பாடு இல்லை.

இந்தப் பள்ளத்தாக்கு பனிச்சிறுத்தையின் வீடு. 2024-ல் வெளியான முதல் தேசியக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 718 பனிச்சிறுத்தைகள். அவற்றில் 477 லடாக்கில். ராத்திரி கூரை இல்லாத பட்டிக்குள் ஒரு சிறுத்தை குதித்துவிட்டால், ஆடுகள் மிரண்டு ஓட, அது ஒன்றோடு நிறுத்தாது. விடிந்தால் பட்டி முழுக்கப் பிணம். ஒரு குடும்பத்தின் பல வருடச் சேமிப்பு ஓரிரவில் போய்விடும். ஊர்க்காரர்கள் பொறி வைத்ததிலும், விரட்டிக் கொன்றதிலும் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

2000-களின் தொடக்கத்தில், அமெரிக்க ஆய்வாளர் ரோட்னி ஜாக்ஸனும், லடாக்கைச் சேர்ந்த மலையேற்ற வீரர் ரின்சென் வாங்சுக்கும் இந்த ஊர்களில் உட்கார்ந்து பேசினார்கள். பட்டிகளுக்கு மேலே கம்பி வலை, பலமான கதவு. கேட்க ரொம்பச் சாதாரணமாக இருக்கிறது, வேலை செய்தது. அடுத்தது, சிறுத்தை உயிரோடு இருப்பதால் ஊருக்கு வருமானம் வரும் வழி. அதுதான் ஹோம்ஸ்டே. அதுவரை ட்ரெக்கிங் குழுக்கள் சொந்த டென்ட், சொந்த சமையல்காரர், சொந்த அரிசியோடு வந்து, ஊரின் புல்லையும் தண்ணீரையும் பயன்படுத்திவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. இப்போது விருந்தாளிகள் முறை வைத்து வீடு வீடாகப் பிரித்து அனுப்பப்படுகிறார்கள். வருமானம் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கைக்குப் போகிறது. அதனால், “எனக்கு அந்த வீடுதான் வேணும், அங்க வியூ நல்லா இருக்கு” என்று அடம்பிடிக்கக் கூடாது. உங்கள் ஒரு ராத்திரி வாடகை இன்னொரு வீட்டின் முறையைத் தட்டிப் பறிக்கும்.

வீட்டுக்குள் போனால், பெரிய இரும்பு அடுப்பைச் சுற்றித் தாழ்வான இருக்கைகள், சுவர் முழுக்கப் பளபளக்கும் செம்பு, பித்தளைப் பாத்திரங்கள். வீட்டம்மாவை ‘ஆமா-லே’ என்று கூப்பிடலாம். அந்த ‘லே’ நம் ஊர் ‘ங்க’ மாதிரி மரியாதைக்கு. கைடு உங்களைவிட மூத்தவர் என்றால் ‘அச்சோ-லே’, அண்ணன். வணக்கம், நன்றி, போய்ட்டு வரேன் எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தை, ‘ஜூலே’. சாப்பாடு துக்பா, அல்லது கட்டைவிரலால் அழுத்திய மாவுத் துண்டுகளைக் காய்கறியோடு வேகவைத்த ‘ஸ்கியூ’. வெண்ணெயும் உப்பும் போட்ட தேநீரை டீ என்று நினைத்து வாயில் வைத்தால் அதிர்ச்சி, சூப் என்று நினைத்துக் குடித்தால் பிடித்துப்போகும். கழிவறையில் தண்ணீர் இருக்காது. குழிக்கு மேல் ஒரு துளை, பக்கத்தில் மண், ஒரு மண்வெட்டி. தண்ணீர் அரிதான, குளிர்காலத்தில் குழாயெல்லாம் உறைந்துபோகும் ஊரில் இதைவிடப் புத்திசாலித்தனமான ஏற்பாடு கிடையாது. அடுத்த வருடம் பார்லி வயலுக்கு அதுதான் உரம். அதில் டிஷ்யூ தாள், சானிட்டரி நாப்கின் போட்டால் வயலுக்குத்தான் போகும். திரும்ப எடுத்துக்கொண்டு வாருங்கள்.

சாலை வருகிறதே, நல்லதுதானே?

ஊர்க்காரர்களுக்கு, சந்தேகமே இல்லாமல். பிரசவ வலியில் குதிரையில் போக வேண்டிய நிலை யாருக்கும் இருக்கக் கூடாது. “பாதையின் அழகு போச்சு” என்று நாம் புலம்புவதில் நியாயம் இல்லை.

ஆனால் ட்ரெக்கருக்கு ஒரு எச்சரிக்கை. வண்டிப் பாதை ஆண்டுக்கு ஆண்டு பள்ளத்தாக்குக்குள் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. அதனால் முதல் இரண்டு நாள் நடையை ஜீப்பில் தாண்டி, நாட்களை மிச்சம் பிடிக்கும் பேக்கேஜ்கள் வருகின்றன. போரடிக்கும் நாட்களை வெட்டியாச்சு, நல்ல பகுதி மட்டும் மிச்சம் என்று தோன்றும். வெட்டப்பட்டவை உடம்பு பழகிய நாட்கள். அப்படிப் போவதானால், மிச்சம் பிடித்த நாட்களை லேயிலோ மார்க்காவிலோ செலவழியுங்கள்.

புக் பண்ணும் முன்னால்...

ஏஜென்சியிடம் மெனு என்ன, டென்ட் எத்தனை பேருக்கு என்றெல்லாம் கேட்போம். அதோடு இதையும் கேளுங்கள். நிமாலிங்குக்கு முந்தைய இரவு எந்த உயரத்தில் தூங்குகிறோம்? கைடு முதலுதவிப் பயிற்சி எடுத்தவரா, எங்கே? ஆக்ஸிஜன் சிலிண்டர் எத்தனை, யார் சுமக்கிறார்கள்? ஒருவர் திரும்ப வேண்டியிருந்தால் அவரோடு இறங்க இரண்டாவது ஆள் உண்டா? இந்தக் கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். ஒரே ஒரு கைடு, பன்னிரண்டு பேர் என்றால், ஒருவருக்கு முடியாமல் போகும்போது ஒன்று எல்லாரும் திரும்ப வேண்டும், அல்லது முடியாதவர் எல்லாரோடும் மேலே இழுத்துக்கொண்டு போகப்படுவார். இரண்டாவதுதான் அதிகம் நடக்க வாய்ப்பு. திரும்பினால் பணம் எவ்வளவு பிடித்துக்கொள்வார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். டிராவல் இன்ஷூரன்ஸ் எடுத்தால், எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும் என்ற வரியைத் தேடிப் படியுங்கள்.

நேரம் இருந்தால் போகும்போது ஸ்ரீநகர், கார்கில் வழியாக சாலையில் போகலாம். ஸ்ரீநகர் 1,600 மீட்டருக்குக் கீழ், கார்கில் சுமார் 2,700. இரண்டு இடத்திலும் ஒவ்வொரு இரவு தங்கிப் போனால் லேயில் இறங்கும்போது உடம்பு பாதி தயார். மணாலி வழி அழகுதான், ஆனால் சர்ச்சூவில் 4,200 மீட்டருக்கு மேல் தூங்க வைத்துவிடும். முதல் முறை போகிறவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

தமிழ்நாட்டு ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். அதுவும் பள்ளத்தாக்குக்குள் பெரும்பாலும் செத்த போன்தான். டவர் இல்லாத இடத்தில் யுபிஐ எடுபடாது, சில்லறையாக ரொக்கம் வைத்திருங்கள். வெளிநாட்டு நண்பர் கொடுத்தார் என்று சாட்டிலைட் போனையோ, சாட்டிலைட் மெசேஜ் அனுப்பும் கருவியையோ எடுத்துப் போகாதீர்கள். இந்தியாவில் அனுமதி இல்லாமல் அவற்றை வைத்திருந்தால் வழக்கு பாயும், விமான நிலையத்திலேயே பிடிபட்டவர்கள் இருக்கிறார்கள்.

சீசன் ஜூன் நடுப்பகுதி முதல் செப்டம்பர் வரை. ஆகஸ்டிலும் நிமாலிங்கில் ராத்திரி பூஜ்ஜியத்துக்குக் கீழே போகலாம். செப்டம்பரில் ஆற்றில் தண்ணீர் வடிந்து, கடப்பது சுலபமாக இருக்கும். கூட்டமும் குறைவு.

சரி, மொத்தம் எத்தனை நாள் வேண்டும்? லேயில் மூன்று இரவு, தாச்சுங்ட்சேயும் சேர்த்துப் பாதையில் ஐந்து இரவு, இறங்கி வந்து லேயில் ஒரு இரவு, அதற்கு மேல் கையிருப்பாக ஒரு நாள். போக வரப் பயணத்தையும் சேர்த்தால் பன்னிரண்டு நாள். அந்தக் கையிருப்பு நாளில் எதையும் பிளான் பண்ணாதீர்கள். ஹாங்கரில் கைடு, “இன்னிக்கு இங்கேயே இருப்போம்” என்று சொன்னால் செலவழிக்க அது கையில் இருக்க வேண்டும். பன்னிரண்டு நாள் லீவு கிடைக்கவில்லையா? லேக்கு மேற்கே லிகிரிலிருந்து தொடங்கும் ஷாம் பள்ளத்தாக்கு நடை இருக்கிறது. மூன்றே நாள், 4,000 மீட்டரைத் தாண்டாத கணவாய்கள், அதே மாதிரி ஹோம்ஸ்டே, அதே வெண்ணெய்த் தேநீர். எந்த ஊரிலிருந்தும் அன்றைக்கே வண்டி பிடித்து லே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடலாம்.